மூன்றாவது விடயம்

ஓபர்மூஸ் ஊர்மன்ற நடைவழியில்
பதினொரு ஆண்கள் சட்டங்களுக்குள் இருக்கிறார்கள்.
முதல் நால்வருக்குத் தாடி,
பிறகு மீசை,
பிறகு மூக்குக்கண்ணாடி, கடைசியில் வெறும் கன்னம்.
செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரைக்கு
நீலத் துணியால் அவர்கள் முகம் துடைப்பவள் நான்.
பன்னிரண்டாவது சட்டத்தில்
ரோஸ்மரி அஃபோல்ட்டர்,
ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்துநான்கு.
அவருக்கு மட்டும் ஆணி ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது.
அந்த இடத்தில் சுவர் கல் என்கிறார்கள்.
இருக்கலாம்.

அவர் காலத்துக் கூட்டக் குறிப்பேடுகள்
கீழ்த்தள அலுமாரியில்.
தூசி தட்ட எடுத்தவள் நின்றபடியே வாசித்தேன்.
அகராதியைப் பிடித்து நடந்த ஜெர்மன் அப்போது எனக்கு.
தலைவர் பெயருக்கு முன் அச்சடித்திருந்த 'திரு'வை
யாரோ தட்டச்சில் அடித்து மறைத்து
மேலே, இடமில்லாத இடத்தில்,
'திருமதி'யை ஏற்றியிருந்தார்கள்.
பக்கத்துக்குப் பக்கம்.
இரண்டு வருடம்.
தாள் வீணாக்காத ஊர்.

கட்டடத்தில் அன்று பெண்களுக்குக் கழிவறை இல்லை.
கூட்டம் நீண்டால்
பனியில் தெருவைக் கடந்து
பாற்கட்டிக் கடைக்காரர் வீட்டு மணியை அடிப்பாராம்.
மார்ச் மாதக் கூட்டம், மூன்றாவது விடயம்:
மாடிப்படிக்குக் கீழுள்ள மேலங்கி அறையைக்
கழிவறையாக்க நாலாயிரத்து இருநூறு பிராங்க்.
சொந்த நலன் உள்ளவர் வெளியேற வேண்டும் என்பது விதி.
'தலைவர் வெளியேறினார்'
என்கிறது குறிப்பு.
ஆறு ஆண்கள் நாற்பது நிமிடம் கதைத்தார்கள்.
குழாய் உறையுமா,
மேலங்கிகளை எங்கே மாட்டுவது,
அடுத்த தேர்தலில் பெண் வராவிட்டால்
செலவு வீண்தானே.
நான்குக்கு இரண்டு. நிறைவேறியது.
அந்த நாற்பது நிமிடம்
நடைவழியில் அவர் என்ன செய்தார் என்று
எவரும் குறிக்கவில்லை.
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றிருப்பார்,
வேறென்ன.

அந்த அறை இன்றும் இருக்கிறது.
கூரை சரிவு; குனியாமல் துடைக்க முடியாது.

கரவெட்டியில் பிறந்த புஷ்பகாந்தி சிவநேசன்,
பட்டியலில் ஒன்பதாவது,
தொழில்: துப்புரவு.
என் பெயருக்கு உள்ளூர் வானொலி
இரண்டு முறை மூச்சு வாங்கியது.
முப்பத்தொரு வாக்கால் தோற்றேன்.
முதல் மாற்று என்றார்கள்.
காரின் பின்பெட்டியில் கிடக்குமே
அந்தச் சக்கரம் மாதிரி என்று விளங்கிக்கொண்டேன்.
பெப்ரவரியில் ஹான்ஸ்யோர்க் நீடர்ஹவுசர்
புதுக் காதலியோடு பீல் நகருக்குக் குடிபெயர,
கதிரை எனக்கு வந்தது.
இப்படியும் ஒரு பெண் வாக்களித்தாள் எனக்கு.
'உனக்கேன் இந்தச் சோலி' என்றார் மனுசன்.
பிறகு என் மேலங்கியை அவரே அயன் பண்ணினார்.

எந்தக் கதிரை முனகும்,
எந்தக் கதிரைக்கடியில்
யார் ஒட்டிய சுவிங்கம் என்பதெல்லாம் தெரிந்தவள்
நல்ல கதிரையாகப் பார்த்து அமர்ந்தேன்.
முதலாவது விடயம், தண்ணீர் வரி.
இரண்டாவது, காட்டுப்பாதையில் விழுந்த மரங்கள்.
இரண்டுக்கும் கை தூக்கினேன்;
அக்குளில் வியர்வை.
மூன்றாவது:
கட்டடத் துப்புரவு ஒப்பந்தம், மேலும் மூன்று வருடம்.
செயலாளர் தொண்டையைச் செருமினார்.
அவர் சொல்லுமுன் எழுந்துவிட்டேன்.

கதவு சாத்தியது.
நடைவழி.
உள்ளே என் கம்பனியின் விலையை,
என் மணிக்கணக்கை,
என் துணியின் சுத்தத்தைப் பேசுகிறார்கள்.
ஒருவர் சிரிக்கிறார், எதற்கென்று கேட்கவில்லை.
எதிரே ரோஸ்மரி,
ஒரு விரற்கடை கீழே.
அவர் உயரமாக இருந்திருந்தால்
எங்கள் கண்கள் சந்தித்திருக்காது.

ஆள் அசையாவிட்டால்
அணைந்துவிடும் விளக்கு இது.
இரண்டு வருடம் முன் மாற்றினார்கள், மின்சாரம் மிச்சம்.
அணைந்தது.
இருட்டில் கையை உயர்த்தினேன்.

வெளிச்சத்தில்
அவர் சட்டத்தின் மேல்விளிம்பில் தூசி.
வியாழன் நான் விட்டது.
அயன் பண்ணிய மேலங்கியின் கையால்
துடைத்துக்கொண்டிருந்தபோது
'உள்ளே வரலாம்' என்றார்கள்.